ஃபோர்க்கை விற்காதீர்கள், முதலில் பின்னால் காற்றைக் குறையுங்கள்

நீங்கள் எழுதியிருப்பதை எனக்குப் புரிந்த விதத்தில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எடை 74 கிலோ, கைமாறி வாங்கிய முழு சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள், முன்னால் 150 மி.மீ., பின்னால் 140 மி.மீ. டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம். இறக்கத்தில் பத்து நிமிடத்துக்குள் கை மரத்துப்போகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கல் மாதிரி இருக்கிறது என்று அதிலிருக்கும் காற்றை 80 பிஎஸ்ஐயிலிருந்து (காற்றழுத்த அளவு) கொஞ்சம் கொஞ்சமாக 62 வரை இறக்கிவிட்டீர்கள், துள்ளக் கூடாது என்று ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, முக்கால்வாசி மூடியும் வைத்திருக்கிறீர்கள், இன்னும் கல் மாதிரிதான் இருக்கிறது. பின்னால் 180இல் இருந்தபோது டிராப், அதாவது படி போன்ற செங்குத்தான இடம், இறங்கினால் பின் ஷாக் அடிவரை போய் இடித்தது, அதனால் 220 ஏற்றினீர்கள். இப்போது இடிப்பதில்லை, ஆனால் பின்பக்கம் எகிறி உங்களை முன்னால் தள்ளுகிறது. வேறு ஃபோர்க் வாங்கலாமா, அல்லது இதிலேயே எத்தனை பிஎஸ்ஐ வைத்தால் சரியாகும் என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் "பின்னால் ஷாக் ஸ்ட்ரோக் 55, நான் ஏறி நின்றால் ஓ-ரிங் 9 மி.மீ.யில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு மிகவும் உதவியது. (ஸ்ட்ரோக் என்பது ஷாக் மொத்தமாக அமுங்கக்கூடிய தூரம், ஓ-ரிங் என்பது அது எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதன் தண்டில் இருக்கும் ரப்பர் வளையம்.)

எத்தனை பிஎஸ்ஐ என்பதற்கு நேரடியாக ஓர் எண் சொல்ல முடியாது, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக சஸ்பென்ஷன் சர்வீஸ் வேலைதான் செய்கிறேன், ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே எண் பொருந்தி நான் பார்த்தது குறைவு. உங்கள் சைக்கிளில் சக்கரம் 140 மி.மீ. நகர ஷாக் 55 மி.மீ. நகர்கிறது, அதாவது சராசரியாக 2.55க்கு 1. இன்னொரு சைக்கிளில் அதே 140க்கு ஷாக் 60 மி.மீ. நகர்ந்தால் அது 2.33க்கு 1 ஆகிவிடும். அந்த ஷாக்குக்குக் குறைந்த காற்றே போதும். ஷாக்கின் உள்ளே பிஸ்டனின் பரப்பு, காற்றறையின் அளவு எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. ஆகவே நண்பர் 165 வைத்திருக்கிறார் என்றால் அது அவருடைய சைக்கிளைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான். உண்மையில் நீங்கள் கேட்பது, குறை பொருளில் இருக்கிறதா, வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறதா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

முன்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபோர்க் கடினமாகத் தெரிந்தால் காற்று அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கைக்குக் கடினமாகத் தெரிவதற்கு எதிரெதிரான காரணங்கள் உண்டு. காற்று அதிகமாக இருந்தாலும் கடினமாகத் தெரியும். காற்று குறைவாக இருந்தாலும் கடினமாகத் தெரியும், காரணம் ஃபோர்க் எப்போதும் உள்ளே அமுங்கிய நிலையிலேயே ஓடும், காற்று ஸ்பிரிங் உள்ளே போகப் போக இறுகும், மிச்சமிருக்கும் கடைசிப் பகுதி எல்லாவற்றையும்விட இறுக்கமானது. ரீபவுண்ட் மிகவும் மெதுவாக இருந்தாலும் அதே கதைதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 25 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர். கற்கள் 70 செ.மீ.க்கு ஒன்றாகக் கிடந்தால் வினாடிக்குப் பத்து அடி. ஓர் அடியில் அமுங்கிய ஃபோர்க், வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் திரும்பி வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த கல் அரைகுறையாக அமுங்கிய ஃபோர்க்கைத்தான் அடிக்கும், அதற்கடுத்த கல் இன்னும் அமுங்கியதை, இப்படியே நாலைந்து அடியில் ஃபோர்க் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். 150 மி.மீ. வாங்கிவிட்டு, உண்மையில் 50, 60 மி.மீ.யில்தான் ஓட்டிக்கொண்டிருப்போம். 1990இல் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில் போட்டியை கிரெக் ஹெர்போல்ட் என்ற வீரர் வென்றது ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கில், அதன் மொத்த டிராவலே சுமார் 50 மி.மீ.தான், கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் உங்கள் ஃபோர்க் இப்போது உங்களுக்கு வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் நீங்கள் செய்த இரண்டு மாற்றங்களும் ஒரே திசையில் தள்ளியிருக்கின்றன. ஃபோர்க்கை வெளியே தள்ளுவது காற்று. அதைக் குறைத்தீர்கள். திரும்பி வருவதைத் தடுப்பது ரீபவுண்ட் டேம்பிங். அதைக் கூட்டினீர்கள். பலம் குறைந்த ஸ்பிரிங், பெரிய தடை. காற்றைக் குறைக்கும்போது ரீபவுண்டையும் திறக்க வேண்டும், காற்றைக் கூட்டும்போது மூட வேண்டும், இரண்டும் சேர்ந்தே நகர வேண்டியவை. ஒவ்வொரு முறை கடினமாகத் தெரிந்தபோதும் இன்னும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து, பிரச்சினையின் ஆழத்துக்கே போய்க்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் பின்பக்கம். 55இல் 9 என்பது 16 சதவீதம். இந்த வகை டிரெயில் சைக்கிளுக்குப் பின்னால் சேக், அதாவது நாம் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் தானாக இறங்கும் அளவு, 25 முதல் 30 சதவீதம் வரை இருப்பது வழக்கம். 28, 29 என்று வைத்தால் 16 மி.மீ. நீங்கள் 7 மி.மீ. உயரத்தில் நிற்கிறீர்கள், சக்கரத்தில் அது 18 மி.மீ. முன்னால் 62இல் ஃபோர்க் வேண்டியதைவிட ஒரு 15 மி.மீ. தாழ்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம், இது என் ஊகம், நீங்கள் அளந்து சொல்லவில்லை. இரண்டையும் கூட்டினால் சைக்கிள் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இறக்கத்தில் இந்தச் சாய்வோடு பாதையின் சாய்வும் சேரும். உங்கள் உடல் எடை கையில் போய் விழுகிறது, ஃபோர்க் மேலும் அமுங்குகிறது, கை இன்னும் வலிக்கிறது, நீங்கள் ஃபோர்க்கில் காற்றை இறக்குகிறீர்கள். கை வலியில் பாதி பின் ஷாக்கிலிருந்து வருகிறது என்று சொன்னால் நம்ப முடியாது, எனக்கும் ஒரு காலத்தில் நம்பிக்கையில்லை, இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். பின்னால் 40 பிஎஸ்ஐ இறக்கிய அன்று முன்னால் எதையும் தொடாமலே ஃபோர்க் வேறு ஃபோர்க் மாதிரி ஆகிவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது. சஸ்பென்ஷனைத் தொடும் முன் டயர். உங்கள் கேள்வியில் டயர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 35 பிஎஸ்ஐ வைத்த டயரில் எந்த ஃபோர்க்கும் கல் மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் சின்னச் சின்ன அதிர்வுகளை முதலில் வாங்குவது டயர், அது வாங்காததுதான் ஃபோர்க்குக்குப் போகிறது. உங்கள் எடைக்கு, டியூப் இல்லாத 2.4 அங்குல டயர் என்றால், முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 என்று தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் இன்னும் சிலது கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதி டியூப் நசுங்கிப் பஞ்சர் ஆகும். தரையில் வைத்து அடிக்கும் பெரிய பம்பின் மீட்டர் இந்தக் குறைந்த அளவுகளில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ தப்பாகக் காட்டுவது சகஜம், தனியாக ஒரு டிஜிட்டல் மீட்டர் இருந்தால் நல்லது. டயரை ஒரு அளவில் வைத்துவிட்டு அதை மாற்றாமல் மற்றதைச் செய்யுங்கள்.

அடுத்து பின் ஷாக். கம்ப்ரெஷன் நெம்புகோல், அதாவது ஷாக் அமுங்குவதைத் தடுக்கும் கட்டுப்பாடு, முழுக்கத் திறந்த நிலையில் இருக்கட்டும். ஷாக்கில் காற்றை முழுவதும் இறக்கி, மறுபடி அடிக்கும்போது 50 பிஎஸ்ஐக்கு ஒருமுறை நிறுத்தி, பம்பைக் கழற்றி, இருக்கையை அழுத்தி ஷாக்கை டிராவலின் கால் பங்கு வரை பத்துப் பதினைந்து முறை மெதுவாக அமுக்கி விடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உள்ளே இரண்டு அறைகள் உண்டு. நீங்கள் காற்றடிப்பது ஷாக்கை வெளியே தள்ளும் அறையில். எதிர்ப்பக்கம் ஒரு சின்ன அறை, அதற்கு உள்ளேயே இருக்கும் ஒரு வழியில்தான் காற்று போகும், ஷாக் ஓரளவு அமுங்கினால்தான் அந்த வழி திறக்கும். அமுக்காமல் ஒரேயடியாக 170 அடித்துவிட்டால் எதிர் அறையில் காற்று இருக்காது, ஆரம்பம் முரட்டுத்தனமாக இருக்கும், அளவும் பொய்யாக வரும். நிறையப் பேர் இந்த ஒன்றைச் செய்யாமலேதான் ஷாக்கைக் குறை சொல்கிறார்கள். ஃபோர்க்குக்கும் இதே முறைதான். ஒரு எச்சரிக்கை: காற்றை இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள், ஷாக் அமுங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றால் அதைப் பிரிக்க முயலாதீர்கள், எதிர் அறையில் அழுத்தம் அடைபட்டிருக்கும், திறந்தால் பாகங்கள் வேகமாகத் தெறிக்கும், ஆளைக் காயப்படுத்தும். அது சர்வீஸ் செய்பவரிடம் போக வேண்டியது.

அளக்கும்போது நீங்கள் ஓட்டும் கோலத்தில் இருக்க வேண்டும்: ஹெல்மெட், ஷூ, தண்ணீரோடு முதுகுப் பை. ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும், அல்லது சுவரில் முழங்கையை லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். இருக்கையில் உட்காராமல், இறக்கத்தில் நிற்பது போல இரண்டு பெடலிலும் சமமாக நின்று, இரண்டு மூன்று முறை குதித்து, அடங்கியதும் ஓ-ரிங்கை சீலை ஒட்டித் தள்ளி, அசையாமல் இறங்குங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 16 மி.மீ. வரும் வரை காற்றைக் குறையுங்கள். உங்களுக்கு அது 150க்கும் 185க்கும் இடையில் எங்காவது வரும் என்பது என் ஊகம். ஓ-ரிங் வேறு சொன்னால் ஓ-ரிங்கை நம்புங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் உஸ் சத்தம் பெரும்பாலும் பம்பின் குழாயில் இருந்த காற்றுதான், ஷாக்கில் இருந்து போகவில்லை. ஆனால் மறுநாள் சரிபார்க்கலாம் என்று பம்பை மாட்டினால் அந்தக் குழாயை நிரப்ப ஷாக்கிலிருந்து காற்று போகும், சின்ன காற்றறையில் பத்து பிஎஸ்ஐக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். காற்று இறங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம், மறுபடி உங்கள் எண்ணுக்கு அடித்துவிட்டுக் கழற்றுங்கள்.

முன்னால் சேக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஃபோர்க் சாய்ந்து நிற்கிறது, சீலிலும், குழாய் உள்ளே சறுக்கும் புஷ்ஷிலும் உராய்வு இருக்கிறது, கையில் எவ்வளவு எடை போடுகிறோம் என்பது ஒரு முறைக்கு ஒரு முறை மாறுகிறது, ஒரே ஆள் ஐந்து முறை அளந்தால் ஐந்து எண் வரும். 20 சதவீதம், உங்களுக்கு 30 மி.மீ., ஒரு குத்துமதிப்பான இலக்கு. அதைவிட ஃபோர்க் காலில் ஒட்டியிருக்கும் எடை அட்டவணை நல்ல தொடக்கம். கிழிந்திருந்தால் தயாரிப்பாளரின் கையேட்டில் உங்கள் மாடலுக்குத் தேடுங்கள். நீங்கள் ஆரம்பித்த 80 அந்த அட்டவணையில் இருந்து வந்திருந்தால் அதற்கே திரும்பிப் போங்கள். ஆமாம், கூட்டச் சொல்கிறேன், கூடவே ரீபவுண்டை நன்றாகத் திறக்கவும் சொல்கிறேன்.

ரீபவுண்ட் திருகை வலஞ்சுழியாக முழுக்க மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணித் திறப்பதுதான் எல்லோரும் பின்பற்றும் வழி, மூடிய முனை உறுதியானது, அதில் எண்ணிக்கை தப்பாது. முனையை எட்டியதும் பலம் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஊசி நசுங்கும். முன்னால் பாதி திறந்து வைத்து, சைக்கிளின் பக்கத்தில் நின்று ஹேண்டில்பாரைப் பலமாக அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். சக்கரம் தரையை விட்டு எகிறாமல், ஆனால் எகிறுவதற்குச் சற்று முன்னால்வரை வேகமாகத் திரும்ப வேண்டும். எகிறினால் ஒரு கிளிக் மூடுங்கள். சோம்பலாக எழுந்து வந்தால் திறந்துகொண்டே போங்கள். பின்னால், இருக்கையில் உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பு உயரமுள்ள ஒரு படியிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, எழுந்து, ஒருமுறை லேசாக மேலே போய் அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம். உங்கள் ஷாக் இப்போது டிராப்பில் தூக்கி எறிவதற்கு, 220இல் இருக்கும் காற்றின் உந்துதலை அடக்க ரீபவுண்ட் போதாததுதான் காரணம். காற்றைக் குறைத்தாலே பாதி அடங்கும், அதற்குப் பிறகு எத்தனை கிளிக் என்று பாருங்கள். இப்போதே ரீபவுண்டை மூடிவிட்டு அப்புறம் காற்றைக் குறைத்தால் முன்னால் நடந்தது பின்னாலும் நடக்கும்.

கடைசியாக, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சமதளத்தில் மெதுவாக உருண்டபடி, பெடலில் நின்று, உடம்பை நேராகக் கீழே அமுக்குங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கி ஒரே நேரத்தில் எழுந்தால் சரி. ஒன்று முந்தினால் அதைச் சரிசெய்யுங்கள். நான் வேலைக்கு வரும் எல்லாச் சைக்கிளையும் திருப்பிக் கொடுக்கும் முன் இப்படி ஒருமுறை அமுக்கிப் பார்ப்பேன், இதில் தெரியாத குறை பாதையில் பெரிதாகத் தெரிவதில்லை.

இனி அந்த டிராப் பிரச்சினை. காற்றைக் குறைத்தால் மறுபடி அடிவரை இடிக்குமே என்று நீங்கள் கேட்பது நியாயம். நீண்ட ஓட்டத்தில் ஒருமுறையோ இரண்டு முறையோ, மிகப் பெரிய அடியில் முழு டிராவலும் செலவாவது சரிதான், அதற்காகத்தான் அந்த டிராவல் இருக்கிறது. உலோகச் சத்தத்தோடு இடிக்கிறது, ஒவ்வொரு டிராப்பிலும் இடிக்கிறது என்றால் காற்றறைக்குள் பிளாஸ்டிக் துண்டு போடுங்கள், டோக்கன் என்றோ ஸ்பேசர் என்றோ சொல்வார்கள். அது அறையின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஆரம்பத்தில் அதன் விளைவு தெரியாது, உள்ளே போகப் போக, மிச்சமிருக்கும் இடம் சிறுத்து, கடைசி மூன்றில் ஒரு பங்கில் அழுத்தம் வேகமாக ஏறும். உங்களுக்குத் தேவை இதுதான்: மேலே மென்மை, அடியில் இறுக்கம். வெறும் காற்றை ஏற்றினால் மேலிருந்து கீழ்வரை எல்லாமே இறுகிவிடும், நீங்கள் 220இல் பார்த்தது அதைத்தான். ஒரு நேரத்தில் ஒரு அளவு மட்டும் கூட்டிப் பாருங்கள், எப்போதும் காற்றை முழுக்க இறக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கம்ப்ரெஷன் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முதலில் முன்னும் பின்னும் முழுக்கத் திறந்து ஓட்டுங்கள். லோ-ஸ்பீடு, ஹை-ஸ்பீடு என்பதில் வேகம் உங்கள் வேகம் அல்ல, ஷாக்கின் தண்டு உள்ளே போகும் வேகம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற விழுவது, பெடல் மிதிக்கும்போது ஆடுவது, வளைவில் அமுங்குவது எல்லாம் தண்டுக்கு மெதுவான அசைவு; அங்கே லோ-ஸ்பீடு இரண்டு மூன்று கிளிக் உதவும். கூர்மையான கல், வேர், டிராப் இறங்குவது வேகமான அசைவு. உங்கள் ஃபோர்க்கில் இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஹை-ஸ்பீடைத் திறந்தே விட்டுவிடுங்கள், இப்போதைக்கு அதில் உங்களுக்கு வேலை இல்லை. கை மரத்துப்போகும் ஒருவர் கம்ப்ரெஷனைக் கூட்டிக்கொண்டே போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சோதிக்கும் முறைக்கு நேரம் ஒதுக்குங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இது பலன் தரும். இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடக்கூடிய, கல்லும் வேரும் ஒரு வளைவும் உள்ள ஒரு துண்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். ஒரு கிளிக் மாற்றிவிட்டு வித்தியாசத்தைத் தேடாதீர்கள், பழகாத உடம்புக்கு ஒரு கிளிக் தெரியாது. ரீபவுண்டை வேண்டுமென்றே மிக மெதுவான பக்கத்தில் வைத்து ஒருமுறை, மிக வேகமான பக்கத்தில் வைத்து ஒருமுறை, இரண்டையும் நிதானமான வேகத்தில் ஓட்டுங்கள். மெதுவான பக்கத்தில், பாதையின் ஆரம்பத்தில் நன்றாக இருந்து போகப் போகக் கடினமாவது தெரியும். வேகமான பக்கத்தில் பிடி கழன்று சக்கரம் தரையைத் தொடாமல் தத்துவது தெரியும். இரண்டையும் உடம்பு ஒருமுறை உணர்ந்துவிட்டால் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், இரண்டு எல்லைக்கும் இடையில் பாதி, அதில் பாதி என்று நெருங்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு காற்று, கிளிக், ஓ-ரிங் எங்கே நின்றது, கை எப்படி இருந்தது என்று போனில் எழுதி வையுங்கள். அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள். பத்து டிகிரி குளிர்ந்தால் 80 பிஎஸ்ஐ ஃபோர்க்கில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐயும், 180 வைத்த ஷாக்கில் 6, 7 பிஎஸ்ஐயும் குறையும், எண்ணெயும் தடித்து ரீபவுண்ட் மெதுவாகும். வீட்டுக்குள் நன்றாக வைத்துவிட்டு அதிகாலைக் குளிரில் போய் ஏன் இப்படி ஆயிற்று என்று குழம்புவதற்கு இதுதான் காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஃபோர்க் உள்ளே ஆரோக்கியமாக இருக்கிறது என்ற அனுமானத்தில். கைமாறி வாங்கியது என்பதால் அதை நான் நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. நீங்களே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. ரீபவுண்ட் திருகை முழுக்க மூடியும் முழுக்கத் திறந்தும் அமுக்கிப் பாருங்கள். வித்தியாசமே இல்லை என்றால் டேம்பர், அதாவது அசைவை எண்ணெயால் அடக்கும் பகுதி, வேலை செய்யவில்லை, எந்தச் செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. முன் பிரேக்கைப் பிடித்து, ஃபோர்க்கின் மேல் குழாயும் கீழ்க் காலும் சேரும் இடத்தில் விரலை வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அங்கே கடகடவென்று தட்டினால் புஷ் தேய்ந்திருக்கிறது. தட்டுவது மேலே, ஹேண்டில்பாருக்குக் கீழே என்றால் அது ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங், அதை இறுக்கினால் போதும். மேல் குழாயின் மெருகு ஓரிடத்தில் தேய்ந்து வேறு நிறமாகத் தெரிந்தால், நகத்தை ஓட்டிப் பார்த்து மாட்டினால், அங்கே சீல் கிழிந்து எண்ணெய் கசியும், அது செலவு வைக்கும். இவை எதுவும் இல்லாமல் வெறுமனே ஆரம்பம் முரடாக, ஒட்டிக்கொண்டு கிளம்புவது போல இருந்தால் பெரும்பாலும் கீழ்க் காலில் எண்ணெய் இல்லை என்றுதான் அர்த்தம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்டியிலிருந்து பிரித்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு ஃபோர்க்கை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார், விற்றுவிடப் போவதாகச் சொன்னார். திறந்தபோது ஒரு காலில் சில சொட்டுகள்தான் இருந்தன, சீலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு வளையம் காய்ந்து கிடந்தது. பஞ்சை நனைத்து, குறிப்பிட்ட அளவு எண்ணெய் ஊற்றி மூடினேன். அதே காற்று, அதே கிளிக். அவர் இன்றும் அதைத்தான் ஓட்டுகிறார். கீழ்க் கால் எண்ணெய் மாற்றுவது பெரும்பாலான தயாரிப்பாளர் கையேடுகளில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றிருக்கும், டேம்பரோடு முழுச் சர்வீஸ் 100 முதல் 200 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை, மாடலைப் பொறுத்தது. விற்றவர் எப்போது செய்தார் என்று கேளுங்கள், தெளிவான பதில் வராவிட்டால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது ஃபோர்க்கின் விலையோடு பார்த்தால் அந்தச் சர்வீஸ் மிகச் சிறிய தொகை.

எதில் எனக்கு உறுதி, எதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் காற்று மிக அதிகம் என்பது உறுதி, நீங்கள் கொடுத்த அளவே சாட்சி. முன்னால் 62 பிஎஸ்ஐயும் மூடிய ரீபவுண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதும் உறுதி. ஃபோர்க் கீழேயே உட்கார்ந்து ஓடுகிறது என்பது மிகவும் சாத்தியம், ஆனால் கடினமான ஒரு இறக்கத்துக்குப் பிறகு ஃபோர்க் ஓ-ரிங் எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் நிச்சயமாகச் சொல்வேன்: முழு டிராவலுக்கு அருகில் நின்றால் நான் சொன்னது சரி, பாதியில்தான் நிற்கிறது என்றால் உராய்வோ எண்ணெய் இல்லாமையோ சந்தேகப்பட வேண்டும். டோக்கன் எத்தனை என்பதிலும், முன்னால் 18 சதவீதமா 22 சதவீதமா என்பதிலும் என்னைப் போல இதே வேலை செய்பவர்களே ஒத்துப்போவதில்லை, அது ஓட்டும் பாணியைப் பொறுத்தது, நீங்கள் முன்னால் எடை போட்டு ஓட்டுபவர் என்றால் கொஞ்சம் கூடுதல் காற்று பிடிக்கும்.

இவ்வளவும் செய்து, ஓ-ரிங் இரண்டு பக்கமும் சரியாக நின்று, கை இன்னும் மரத்துப்போனால், சஸ்பென்ஷனை விட்டுவிட்டு பிரேக் நெம்புகோலைப் பாருங்கள். அது எட்டாத தூரத்தில் இருந்து நீங்கள் இரண்டு விரலால் இழுத்துப் பிடிப்பவராக இருந்தால், அல்லது கீழ்நோக்கி அதிகம் சாய்ந்து மணிக்கட்டு வளைந்தபடி ஓட்டினால், எந்த ஃபோர்க்காலும் அந்த வலியைப் போக்க முடியாது. நெம்புகோலை உள்ளே கொண்டுவந்து ஒரே விரலில் பிடிக்கும்படி வைத்து, முன்கையும் விரலும் நேர்கோட்டில் வரும்படி திருப்புங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஓ-ரிங் அளவுகளை இங்கேயே எழுதுங்கள், அதற்குப் பிறகு ரீபவுண்ட் எத்தனை கிளிக் என்று பேசலாம்.